ஈம்: கதவடைத்துக்கொண்ட கிராமத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் மலைச்சரிவில் இருக்கிற சின்னக் கிராமம் ஈம். 1665-இல் இங்கே பிளேக் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அது பரவக் கூடாது என்று இந்த ஊர் தன்னைச் சுற்றித் தானே எல்லை போட்டுக்கொண்டது. ஷெஃபீல்டில் குடியிருந்த வருடங்களில் நான் இங்கே பலமுறை போயிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிப்போயிருக்கிறேன். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

'ஈம்'. எழுத்தைப் பார்த்து 'ஈயாம்', 'ஐயம்' என்றெல்லாம் சொல்லத் தோன்றும். பேருந்து ஓட்டுநரிடம் 'ஈம்' என்று ஒரே அசையாகச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

அங்கே அப்படி என்னதான் நடந்தது?

1665-ஆம் வருடம் லண்டனில் பெரும் பிளேக். அந்த நகரத்தில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அந்தக் கோடையின் கடைசியில் ஈம் ஊர்த் தையல்காரர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. துணி ஈரமாக இருந்ததால் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து அடுப்பங்கரையில் காயப்போட்டார். துணியில் ஒளிந்திருந்த தெள்ளுப்பூச்சிகளுக்கு அந்தச் சூடு போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸைப் புதைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர். அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று போனது.

குளிர்காலத்தில் சாவு குறைந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 1666 கோடையில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஜூன் மாதத்தில் பாதிரியார் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன்னால் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊர் மக்கள் முன் மூன்று விஷயங்களை வைத்தார்கள். இறந்தவர்களைத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம், அவரவர் குடும்பமே வீட்டுத் தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ளட்டும். தேவாலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் வழிபாடு நடக்கட்டும், குடும்பங்கள் தள்ளித் தள்ளி நிற்கட்டும். மூன்றாவதுதான் கடினமானது: ஊர் எல்லையைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்தும் யாரும் உள்ளே வரக் கூடாது.

ஊர் ஒப்புக்கொண்டது. பிளேக் ஓயும்வரை அந்த எல்லை நின்றது. கடைசிச் சாவு 1666 நவம்பர் 1. பதினான்கு மாதங்களில் 260 பேர் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

ஊர் மக்கள் மனமுவந்துதான் அடைந்து கிடந்தார்களா? கேட்க நம்பமுடியவில்லையே.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். வழிகாட்டிப் பலகைகளில் பார்க்கும் கதை ரொம்ப வழுவழுப்பாக இருக்கிறது: எல்லோரும் வீரர்கள், எல்லோரும் ஒரே மனது.

உண்மையில் ஆரம்பத்திலேயே வசதி இருந்தவர்கள் சிலர் வெளியேறிவிட்டார்கள். மோம்பெசன் தம்முடைய இரண்டு குழந்தைகளையும் எல்லை போடுவதற்கு முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். ஏழைகளுக்குப் போக இடமே இல்லை. பிளேக் ஊர்க்காரன் என்று தெரிந்தால் எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாது. அப்படியென்றால் இது தியாகமா, கட்டாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மோம்பெசன் அந்த ஊருக்கு 1664-இல்தான் வந்தார். இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர். ஊருக்கு அவர் மேல் பெரிய பிடிப்பு இல்லை. மக்கள் நம்பியது ஸ்டான்லியை. அவரோ அரசு விதித்த புதிய வழிபாட்டு நூலை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். கொள்கையில் இந்த இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். அந்தச் சமயத்தில் நாட்டையே பிளந்துகொண்டிருந்த சண்டை அது. அப்படிப்பட்ட இருவர் ஒன்றாக நின்று பேசியதால்தான் ஊர் கேட்டது. அடுத்து, நாலரை மாதம், சாவு தினமும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, இரவோடு இரவாக மலையேறி ஓடிவிட யாராலும் முடிந்திருக்கும். சுற்றுச்சுவர் எதுவும் கிடையாது. பெரும்பாலோர் ஓடவில்லை. பயத்தோடும் மனக்கசப்போடும் இருந்தவர்கள் அப்படியும் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மோம்பெசனும் தப்பவில்லை. அவர் மனைவி கேத்தரின், குழந்தைகளோடு போகாமல் கணவரோடு தங்கியவர், 1666 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். வயது 27.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்து எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி சாட்ஸ்வர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவும் மருந்தும் அனுப்பினார். வாங்கிய பொருளுக்கு ஈம்காரர்கள் காசு கொடுத்தார்கள். அந்தக் காசை எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் போட்டு வைத்தார்கள். ஓடும் நீரிலும் போட்டு வைத்ததாகச் சொல்வார்கள். கிருமி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

260 பேர் என்றால் ஊரில் பாதியா, முக்கால்வாசியா?

ரொம்ப நாள் சொல்லி வந்த கணக்கு, 350 பேரில் 260 என்பது. பழைய வரிப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் ஊரில் எழுநூறு பேராவது இருந்திருப்பார்கள் என்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். நோய் ஓய்ந்தபின் மோம்பெசன் ஒரு கடிதத்தில் எழுதிய எண்ணிக்கை 76 குடும்பங்கள், 259 சாவுகள். விகிதம் குறைந்துவிட்டதே என்று சிலர் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரில் ஒருவர் என்பது உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எலியும் தெள்ளும் மட்டும்தான் காரணமா?

முதல் சாவுக்குத் துணியோடு வந்த தெள்ளுதான் காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆனால் ஒரே வீட்டுக்குள் அடுத்தடுத்து ஏன் இத்தனை பேர் என்பது வேறு கேள்வி. தேவாலயப் பதிவேட்டில் பெயரும் தேதியும் இருப்பதால் ஈம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பொக்கிஷம். அந்தப் பதிவுகளை வைத்து 2016-இல் வெளியான ஒரு கணக்கீட்டு ஆய்வு, ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே போயிருக்க வேண்டும் என்றது. அதாவது தெள்ளு ஊருக்குள் கொண்டுவந்ததை வீட்டுக்குள் கொண்டுபோனது பாசமும் பணிவிடையும்தான்.

சரி, எப்படிப் போவது?

லண்டனிலிருந்து வருகிறவர்கள் முதலில் ரயிலில் ஷெஃபீல்டு வந்துவிடுங்கள். அங்கிருந்து பேருந்து உண்டு. இல்லையென்றால் ஷெஃபீல்டு–மான்செஸ்டர் மலைப்பாதையில் நின்று நின்று போகும் ரயிலில் ஏறி கிரிண்டில்ஃபோர்டில் இறங்கலாம். அங்கிருந்து ஈம் சுமார் 5 கிலோமீட்டர். நடக்கப் பிடித்தவர்களுக்கு அருமையான வழி, ஆனால் ஏற்றம் உண்டு.

பேருந்து அடிக்கடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கல்லறைத் தோட்டத்தில் மெய்மறந்து நின்று கடைசிப் பேருந்தை விட்டுவிட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இருட்டத் தொடங்கிய மலைப்பாதையில் ஸ்டேஷனுக்கு இறங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காரில் வந்தால் அருங்காட்சியகத்துக்கு எதிரே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. தெருவில் நிறுத்தாதீர்கள். தெரு குறுகல், வீட்டுக்காரர்கள் வண்டி எடுக்கத் திண்டாடுவார்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன் மாதங்கள். வயலெல்லாம் பசேலென்று, ஆட்டுக்குட்டிகளோடு இருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

ஆனால் ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் ஆகஸ்ட் கடைசியில் போங்கள் என்பேன். கடைசி ஞாயிறு 'பிளேக் ஞாயிறு'. அன்றைக்கு, 1666-இல் வழிபாடு நடந்த அதே கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில் நினைவு வழிபாடு நடக்கும். அதே வாரத்தில் கிணற்று அலங்காரமும் இருக்கும். இது டார்பிஷயரின் பெயர்பெற்ற வழக்கம்: பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ், விதை, இலை, பாசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பதித்து ஒரு முழுப்படம் செய்து ஊர்க்கிணற்றருகே நிறுத்துவார்கள். பூக்கோலத்தை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். சில நாளில் வாடிவிடும், அதற்காகவே பார்க்க வேண்டும். ஊரே கூடி இரவுபகலாக உட்கார்ந்து செய்வது.

அந்த வாரம் கூட்டமாக இருக்கும், அமைதி கிடைக்காது. அமைதிதான் வேண்டுமென்றால் செப்டம்பர் நடுவில், வாரநாளில் போங்கள். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு கட்டாயம்.

என்னென்ன பார்க்க வேண்டும்? எந்த வரிசையில்?

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆயிரத்து இருநூறு வருடப் பழமையான ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை நிற்கிறது. பிளேக் வந்தபோதே அதற்கு எண்ணூறு வயதுக்கு மேல். அதன் பக்கத்தில்தான் கேத்தரின் மோம்பெசன் கல்லறை. பிளேக்கில் போனவர்களில் இந்தத் தோட்டத்தில் அடையாளம் தெரிகிற கல்லறை அவருடையது. மற்றவர்கள் எங்கெங்கோ தோட்டங்களிலும் வயல்களிலும் இருக்கிறார்கள். தேவாலயச் சுவரில் 1775-ஆம் வருடச் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தூரதேசத்து ஊர்களின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலும், இந்தக் கதையைச் சொல்லும் 1985-ஆம் வருட வண்ணக் கண்ணாடிச் சன்னலும் உண்டு. பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

வெளியே வந்தால் அடுத்தே 'பிளேக் குடிசைகள்'. தையல்காரரின் மனைவி மேரியின் வீடு இங்கேதான். அவருடைய முதல் கணவர் வழியில் பிறந்த இரண்டு பிள்ளைகளும், அப்புறம் கணவர் அலெக்சாண்டரும் போனார்கள். சொந்தத்தில் பதின்மூன்று பேரை இழந்து, மேரி மட்டும் பிழைத்தார். அதே வரிசையில் ரோஸ் காட்டேஜ். அங்கே தார்ப் குடும்பத்தின் ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பெயரும் தேதியும் எழுதிய பலகை இருக்கும்.

பிறகு தெருவோடு நடந்தால் ஈம் ஹால் என்ற கல்மாளிகை. பிளேக் முடிந்து சில வருடங்களில் கட்டியது. எதிரே குற்றவாளிகளின் கால்களைப் பூட்டிவைக்கும் பழைய மரத்தொழு. இந்தப் பக்கமெல்லாம் ஈயச் சுரங்கத் தொழில் நடந்த இடம்.

இதுவரைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். பேருந்தில் வந்த கூட்டம் இதோடு தேநீர்க்கடைக்குப் போய்விடும். நீங்கள் தயவுசெய்து இன்னும் இரண்டு இடத்துக்கு நடங்கள்.

ஒன்று எல்லைக்கல். ஈமுக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில், புல்வெளியில் சும்மா கிடக்கிற ஒரு கல். மேலே ஆறு குழிகள். காசு வைத்த குழிகள் இவைதான். விளிம்பெல்லாம் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் ஸ்டோனி மிடில்டன் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அவ்வளவு பக்கத்தில் பிழைக்கும் வழி இருந்திருக்கிறது.

இன்னொன்று ரைலி கல்லறைகள். ஊருக்குக் கிழக்கே, வயல் நடுவில், வட்டமான கல்சுவருக்குள் ஒரு குடும்பம். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். உதவிக்கு யாரும் வர முடியாது. தாமே குழி வெட்டி, தாமே இழுத்துவந்து புதைத்தார். அவருக்கு நோய் வரவில்லை. ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு மகன் மட்டும் மிச்சம், பின்னால் அவனிடம் போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அந்தச் சுவருக்குள் யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நேரமும் காலில் பலமும் இருந்தால் ஊருக்கு மேலே மலையில் மோம்பெசன் கிணறு. அதுவும் உணவு வைத்துப்போன இடம்தான். ஏற்றம் செங்குத்து.

இந்த ஊரில் சொல்லும் காதல் கதை உண்மையா?

ஈம் பெண் எமட் சிடாலும் ஸ்டோனி மிடில்டன் இளைஞன் ரோலண்ட் டோரும் தூரத்தில் நின்றே பார்த்துக்கொண்டார்கள், ஒருநாள் அவள் வரவில்லை, அப்புறமும் அவன் வந்து வந்து காத்திருந்தான் என்பது கதை. எமட் 1666 ஏப்ரல் கடைசியில் இறந்தார் என்பது பதிவில் இருக்கிறது. மீதி வாய்வழி வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஊர் எல்லை போட்டது ஜூனில், எமட் இறந்தது ஏப்ரலில். அந்தச் சந்திப்புகள் உண்மையாக நடந்திருந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே இருவரும் தாங்களாகத் தள்ளி நின்றிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகலாமா?

கண்டிப்பாக. பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் 1994 முதல் நடக்கிறது. கூரையில் எலி வடிவத்தில் காற்றுத்திசை காட்டி இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற மாதங்களிலும் எந்தெந்த நாள் திறப்பு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகலாமா?

தேவாலயம், குடிசைகள், கடைத்தெரு வரை வயதானவர்களுக்குச் சிரமமில்லை. சக்கர நாற்காலியும் போகும். எல்லைக்கல்லுக்கு வயல்வழி, சேறாக இருக்கும், கல்வேலியை ஏறித் தாண்ட வேண்டியும் வரும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, எட்டு வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் கூட்டிப்போங்கள். 2020-இல் வீட்டுக்குள் அடைந்திருந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரை நாம் விளக்கவே வேண்டியதில்லை. என் அக்கா மகள் எல்லைக்கல்லைப் பார்த்ததும் "இதுதான் அவங்களோட சானிட்டைசரா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தேநீர்க்கடைகளில் ஸ்கோன், சூப், சீஸ் சாண்ட்விச் கிடைக்கும். பப்பிலும் ஒன்றிரண்டு சைவ வகை இருக்கும். உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்குமுன் எதில் பொரித்தது என்று கேளுங்கள். வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு. கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் ஊர்ப்பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குப்பையை மட்டும் கையோடு எடுத்துவந்துவிடுங்கள்.

வீடுகளைப் படம் எடுக்கலாமா?

தெருவில் நின்று எடுக்கலாம். ஆனால் அந்தக் குடிசைகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பலகையைப் படிக்கிறேன் என்று சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்ப்பது, வாசல் கேட்டைத் திறப்பது, முன்தோட்டத்தில் நின்று குடும்பப்படம் எடுப்பது எல்லாம் நடக்கிறது. நம் வீட்டு வாசலில் யாராவது தினமும் இப்படி வந்து நின்றால் எப்படியிருக்கும்? எதிரே யாராவது வந்தால் ஒரு வணக்கம், ஒரு புன்னகை போதும். பெரும்பாலும் அவர்களே நின்று பேசுவார்கள், அதிலும் வயதானவர்களுக்கு ஊர்க்கதை சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

வயல் வழியே நடந்தால் யாராவது விரட்டுவார்களா?

மாட்டார்கள். மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதைகள் தனியார் நிலத்துக்குள் போனாலும் அவற்றில் நடக்கச் சட்டப்படி எல்லோருக்கும் உரிமை உண்டு. பாதையை விட்டு விலகாதீர்கள், நீங்கள் திறந்த கேட்டை மறக்காமல் மூடுங்கள், குட்டிபோட்ட ஆடுமாடு நின்றால் சுற்றிப் போங்கள். கக்லெட் டெல்ஃப் மட்டும் தனியார் நிலம், பிளேக் ஞாயிறு தவிர மற்ற நாளில் உள்ளே போகுமுன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய கல்லறைகளால் நோய் வர வாய்ப்புண்டா?

இல்லை. பயப்படாமல் போங்கள்.

மீதி நேரம் இருந்தால்?

பக்கத்திலேயே சாட்ஸ்வர்த் மாளிகையும் பேக்வெல் ஊரும். மூன்றையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். ஈமுக்கு அரைநாளாவது வேண்டும்.

எல்லைக்கல் குழிகளில் காசு கிடக்கிறதே, யார் போட்டது?

நம்மைப் போல வருகிறவர்கள்தான். ஒரு பென்னி, இரண்டு பென்னி, சில சமயம் வெளிநாட்டு நாணயம். எடுக்காதீர்கள். மழை பெய்திருந்தால் குழியில் தண்ணீர் நிற்கும், காசு அடியில் பச்சை பூத்துக் கிடக்கும். அம்மா தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.